நனைக்காத துணி

காலை ஏழு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சட்டை அல்ல; அதன் கழுத்துப் பட்டிக்கு அடியில் செருகியிருந்த, வண்ணத்துப்பூச்சி வடிவில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டு. மகள் முந்தின நாள் பேரங்காடியில் வாங்கி வந்து கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். முழுப் பருத்தி, இஸ்திரி தேவையில்லை என்று உறையின் மேல் எழுதியிருந்தது. பருத்தியைக் கட்டிப் பழகிய எவருக்கும் தெரியும், இந்த இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. இரண்டையும் ஒன்றாக்க என்ன பாடு படவேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

உறையைப் பிரித்தேன். ஒரு வாசம் வந்தது. வாசம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. மூக்குக்கு முன்னால் கண்ணின் ஓரத்துக்குத்தான் அது தெரியும். பள்ளி அறிவியல் கூடத்தில் தவளையைப் போட்டு வைத்திருந்த ஜாடியைத் திறந்தால் வருமே, அதன் தூரத்துச் சொந்தம். மிக மிக லேசாகத்தான் இருந்தது. இப்போதெல்லாம் துணிக்குப் போட நல்ல மருந்து வந்துவிட்டது, கட்டுப்பாடும் வந்துவிட்டது. மகள் வாங்கித் தந்த சட்டையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூக்குக்கு நியாயம் தெரியாது. பாலிக் புலாவிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, புதுச் சட்டை ஒன்னு. அந்த வாசம் வருது."

"தொவைச்சியா?"

"எங்க தொவைக்கிறது? பத்து மணிக்குக் கல்யாணம்."

"அப்ப பழசப் போட்டுக்கிட்டுப் போ."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா நீளமாகப் பேசமாட்டாள். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நெஞ்சுக்குள் ஒரு சின்ன விசில் கேட்கும். போனில் அது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

நான் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போனேன். சாப்பாட்டுப் பந்தியிலும் என் நினைப்பு அக்கா முன்பு வேலை பார்த்த பிறை ஆலையில்தான் இருந்தது.

அப்போது நாங்கள் பினாங்கில், டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அம்மா, அக்கா வசந்தா, நான். அக்கா பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன்னால் எழுந்து ஃபெர்ரி ஏறுவாள். கீழ்த்தளத்தில் காடிகள், அதாவது கார்கள், நிற்கும், மேல்தளத்தில் ஆட்கள். டீசலும் கடல் உப்பும் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலமும் கலந்த அந்த வாசத்தை எந்தக் கம்பெனியாலும் இப்போது செய்து தர முடியாது. பட்டர்வொர்த்தில் இறங்கினால் ஆலை பஸ் நிற்கும்.

துணி ஆலை என்றால் தறிச் சத்தம் என்று நினைப்பீர்கள். அங்கே தறியே கிடையாது. நெய்த துணி வெளியிலிருந்து வரும், பழுப்பாக, பிசுபிசுவென்று, பருத்திக்கொட்டைத் தூளோடு. அதைக் கடையில் நாம் கை வைத்துப் பார்க்கும் துணியாக மாற்றுவதுதான் அந்த ஆலையின் வேலை. வருஷத்தில் ஒரு நாள் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அப்படி ஒரு முறை நானும் போயிருக்கிறேன். முதலில் துணியை நெருப்பு வரிசைக்கு மேல் வேகமாக ஓட்டுவார்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு கருகி உதிரும், துணி தப்பித்துவிடும். பிறகு காரத்தில் வேகவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து வெளுப்பார்கள். அப்புறம் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்தபடியே கடுமையான காஸ்டிக் சோடாவில் முக்குவார்கள். முறுக்கிய நாடாவைப் போலச் சப்பையாக இருக்கும் பருத்தி இழை அதில் ஊதி உருண்டையாகிவிடும். உருண்டையான இழையில் வெளிச்சம் வழுக்கும். அதனால்தான் மலிவான பாப்ளினுக்கும் ஒரு பட்டுப் பளபளப்பு. சாயமும் நன்றாகப் பிடிக்கும், துணிக்குப் பலமும் கூடும். மனிதர்களை இழுத்துப் பிடித்துக் காரத்தில் முக்கினால் இப்படி எல்லாம் நடப்பதில்லை.

கடைசிக் கட்டம்தான் நான் சொல்ல வந்தது. பருத்தி ஏன் கசங்குகிறது? ஈரம் பட்டால் இழைக்குள் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போய், போன இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அவை நகராதபடி குறுக்கே தையல் போட வேண்டும். ஊசியால் அல்ல, மருந்தால். பிசின் போன்ற ஒரு கரைசலில் துணியை நனைத்து, இரண்டு ஓரங்களையும் கொக்கிகளில் மாட்டி, ஒரு நீண்ட அடுப்புக்குள் இழுத்துச் செல்வார்கள். சூட்டில் அந்தத் தையல் விழும். வெளியே வரும் துணியைக் கையில் கசக்கி விட்டால் அது உங்களைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்துகொள்ளும். அதற்கு ஒரு விலை உண்டு. துணி முன்பைவிடச் சுலபமாகக் கிழியும். இன்னொரு விலை, தையலுக்குப் போகாமல் மிச்சம் தங்கும் ஃபார்மால்டிஹைட். கண்ணின் ஓரத்துக்குத் தெரியும் என்றேனே, அது. அதைப் போக்க வழியும் மிகச் சாதாரணமானது. அடுப்பிலிருந்து வந்த துணியைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஒரு தடவை அலசிவிட வேண்டும். பெரும்பகுதி அதிலேயே போய்விடும். துணியின் நிமிர்வு போகாது.

அக்கா முதலில் அந்த அடுப்பின் வாயில்தான் நின்றாள். வீட்டுக்கு வரும்போது கண் சிவந்திருக்கும். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மா கடல்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். ஆலை மருத்துவர் மட்டும் அடுப்புப் பக்கம் இவளை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் அவளைப் பரிசோதனைக்கூடத்துக்கு மாற்றினார்கள். தற்காலிகமாக. வருஷ முடிவில் அந்த இடத்தில் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. நிரந்தரமானால் வெள்ளைக் கோட்டும் மாதச் சம்பளமும். ஆகாவிட்டால் மறுபடியும் அடுப்பு. எங்கள் வீட்டில் அந்த வருஷம் சாமிக்கு ஏற்றிய விளக்கெல்லாம் இதற்காகத்தான்.

அங்கே அவள் செய்த வேலைகளை ராத்திரிச் சாப்பாட்டின்போது சொல்வாள். ஒரு துணித்துண்டை மடித்து, எடையை வைத்து, எடுத்துவிட்டு, அது எவ்வளவு கோணத்துக்கு விரிகிறது என்று பார்ப்பது. கிழித்துப் பார்ப்பது. எனக்குப் பிடித்தது ஜாடிதான். கண்ணாடி ஜாடியின் அடியில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் படாமல், மேலே தொங்கும்படி ஒரு துண்டுத் துணி. மூடி இறுக்கி, இளஞ்சூட்டில் ஓர் இரவு வைத்துவிடுவார்கள். துணி விடும் மூச்சைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். மறுநாள் அந்தத் தண்ணீரில் ஒரு மருந்தைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஃபார்மால்டிஹைட்.

கூடத்தின் தலைவர் கிருஷ்ணராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வுபெற அதிக நாள் இல்லாதவர். அக்காவை 'நீர்' என்றுதான் அழைப்பார். அம்மாவுக்கு அது புரியவே இல்லை. "தண்ணின்னா கூப்பிடுறாரு?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தாள்.

தீபாவளிக்கு ஆலையில் தமிழ்த் தொழிலாளிகளுக்குத் துணி கொடுப்பது வழக்கம். எப்போதும் கரை பிசகிய துணி, சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடித்த துணிதான் வரும். அந்த வருஷம் வந்தது வேறு. வெள்ளையில் சின்ன நீலப்பூ, பளபளவென்று, கசக்கினால் நிமிரும் முதல்தரப் பாப்ளின். கேன்டீனில் பெண்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்களாம். அக்கா பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டாள். குழந்தை உடைக்காக வெளிநாட்டுக்குப் போய், அங்கே சோதனையில் தேறாமல் திரும்பி வந்த துணி அது. அலசும் இயந்திரம் பழுதாகிக் கிடந்த நாட்களில், கப்பல் போய்விடும் என்ற அவசரத்தில், அலசாமலேயே அனுப்பியது. திரும்பி வந்ததும் அதை ஜாடியில் தொங்கவிட்டுப் பார்த்தவள் அக்காதான். அத்தனை ஆழமான மஞ்சளை அதற்கு முன் அவள் கண்டதில்லை.

நான் அங்கே இல்லை. கேன்டீனில் நடந்ததை அக்கா சொல்லித்தான் எழுதுகிறேன். தாசேக் கெலுகோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் பாக்கியம் அக்கா துணி மடிக்கும் பிரிவில் மூத்தவர். நல்ல கை, பெரிய வாய். வசந்தா அவரிடம்தான் போய்ச் சொன்னாள்.

"அக்கா, இத தைக்கிறதுக்கு முன்னால சுடுதண்ணில சோப்பு போட்டு ஒரு தடவ அலசிருங்க. எல்லாருக்கும் சொல்லுங்க."

"என்னாது?"

"மருந்து மிச்சம் இருக்கு. பிள்ளைங்களுக்கு ஒத்துக்காது."

பாக்கியம் அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தாராம். "கேட்டீங்களா, லேப்புக்காரி சொல்றத! தீபாவளித் துணிய நனைச்சுட்டுக் கட்டணுமாம். தண்ணில போட்டா அப்புறம் அது என்னாடி புதுத்துணி? சாவு வீட்டுக்கா போறோம்?"

"மஞ்ச வைக்கிறோம்ல. எந்த மருந்தா இருந்தாலும் அதுல போயிரும் லா," என்றாராம் இன்னொருவர்.

நம் வீடுகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. புதுத்துணியின் மூலையில் மஞ்சள் தடவி, சாமி முன்னால் வைத்து, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்த உடம்பில் அப்படியே உடுத்த வேண்டும். தண்ணீரைக் கண்ட துணி பழந்துணி. ஒரு வேதியியல் ஆலை மிச்சம் வைத்துவிட்ட நஞ்சை உடம்பில் ஏற்ற இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை எவராலும் செய்ய முடியாது. தேய்த்துச் சிவந்த தோல், அதன்மேல் அலசாத துணி, அதன்மேல் பினாங்கு வெயில்.

அக்கா மறுநாள் கிருஷ்ணராஜாவிடம் போனாள். கொடுத்த துணியிலேயே ஒரு துண்டை வெட்டி ஜாடியில் போட்டுக் காட்டினால் கண்ணால் பார்த்தாவது நம்புவார்கள் என்றாள்.

"வசந்தா, இந்தப் போத்தல்கள், காசு குடுத்து வாங்கிற ஆக்களின்ரை துணிக்கு," என்றார் அவர். "எங்கடை ஆக்களின்ரை துணிக்கு இல்லை."

நான் அப்போது தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்திருந்தேன். ஆலையில் துணி வழங்கிய படம் மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. வரிசையாகப் பெண்கள், கையில் நீலப்பூ, எல்லார் முகத்திலும் சிரிப்பு. தொழிலாளர் நலனில் அக்கறை காட்டும் நிர்வாகம் என்று படக்குறிப்பு. அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. சேர்த்தேன். அக்கா சொன்னதைச் செய்தி ஆசிரியரிடம் சொன்னபோது, "தீபாவளி நேரத்துல எதுக்குப்பா இதெல்லாம், விளம்பரம் குடுக்கிறவங்க," என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டில் எங்கள் பங்குத் துணியை அக்கா யாரையும் கேட்காமல் அலசிக் கொடியில் போட்டுவிட்டாள். அம்மா பார்த்ததும் வீடு இரண்டுபட்டது. "நல்ல நாளும் அதுவுமா யாருடி புதுத்துணிய நனைச்சது? நாளைக்கு ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்காத!" அலசிய துணி காய்ந்து, கொடியிலிருந்து எடுக்கும்போதே இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. அதில் எனக்குச் சட்டை தைத்தார்கள். பூப்போட்ட சட்டை அந்தக் காலத்தில் எங்களுக்கு வெட்கமான காரியம் அல்ல. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, நடிகனாகப் போயிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் அக்காவும் நானும் பாக்கியம் அக்கா வீட்டுக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போனோம். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டின் முன்னால் அவருடைய கடைசி மகள் மேல்துணியில்லாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது இருக்கும். கழுத்தைச் சுற்றி, அக்குளில், பாவாடை நாடா இறுக்கிய இடுப்பில் எல்லாம் கன்றிச் சிவந்து, சில இடங்களில் நீர் கோத்திருந்தது. அதன்மேல் அரைத்த மஞ்சள். நீலப்பூப் பாவாடை சட்டை பக்கத்து வேலியில் கிடந்தது. லயத்தில் இன்னும் பல வீடுகளில் இதே கதை. ஆட்டுக்கறி என்றார்கள், பட்டாசுப் புகை என்றார்கள்.

அக்கா பிள்ளையின் பக்கத்தில் குந்தினாள். "மஞ்சளக் கழுவிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க அக்கா. அந்தத் துணிய இன்னொரு தடவ—"

"நீ வாயத் தெறக்காத தாயி," என்றார் பாக்கியம் அக்கா. குரலில் கேன்டீன் சிரிப்பு இல்லை. "தெறந்தது போதும்."

முக்காலியில் இருந்த சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்த அண்ணன் சட்டையும் நம்ம பூவுதான்," என்றாள்.

எல்லாரும் என் சட்டையைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதோ சாட்சி என்று நினைத்தேன். "ஆமாம் அக்கா, அதே துணிதான். அலசித் தைச்சது. எனக்கு ஒன்னுமே ஆகல பாருங்க," என்று காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினேன். அதைவிடத் தெளிவான சோதனையை எந்தக் கூடத்திலும் செய்திருக்க முடியாது. ஒரே துணி, ஒரே நாள், ஒன்று அலசியது, ஒன்று அலசாதது.

பாக்கியம் அக்கா என் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா? ஊருக்கெல்லாம் வந்துச்சு. அவ தம்பிக்கு மட்டும் வரல."

"கரிநாக்கு," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மெல்லத்தான் சொன்னாள்.

அக்கா எழுந்துகொண்டாள். முறுக்குப் பையை யாரும் வாங்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அங்கே நின்றுகொண்டு, "நீ ஏன்டா கழுத்தக் காட்டுன?" என்று மட்டும் கேட்டாள்.

விடுமுறை முடிந்து ஆலை திறந்தபோது செய்தி அவளுக்கு முன்னால் போயிருந்தது. அவள் நல்ல நாளில் வாய் வைத்தாள், பிள்ளைகளுக்கு வந்தது என்று. நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான விளக்கம் கிடைக்குமா? துணியை அவர்கள் குற்றம் சொல்லவில்லை. ஒருத்தியின் நாக்கைத்தான் சொன்னார்கள். ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரியும் தமிழர்தான். அக்காவை அழைத்து, "ஒன் வாய் ரொம்ப விசேஷமான வாய்னு சொல்றாங்களே?" என்று சிரித்துவிட்டு, கம்பெனிச் சரக்கை விஷம் என்று சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றாள். யாரிடம் சொன்னாளோ அவர்களையே கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம், இவள்தான் சொன்னாள், நாங்கள் நம்பவில்லை என்றார்கள். பொய் இல்லை, அத்தனையும் உண்மை.

கிருஷ்ணராஜா அந்த அறையில் இருந்தார். வெளியே வந்தபிறகு அக்காவிடம், "நீர் சொன்னது பிழையில்லை. சொன்ன இடந்தான் பிழை," என்றார். எது சரியான இடம் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அவர் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாராம்.

நிரந்தரம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படிச் செய்திருந்தாலாவது நல்லதாகப் போயிருக்கும். மறுபடியும் அடுப்பின் வாய்க்கு அனுப்பினார்கள். மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினாள். மருத்துவர் மாறிவிட்டார் என்றார்கள். அது உண்மைதான், மாறித்தான் இருந்தார். வீட்டில் வேறு வருமானம் இல்லை. என் சம்பளத்தை வருமானம் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வரும். அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஓர் அதிகாலையில் ஃபெர்ரி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்; ஏற முடியவில்லை. அன்றோடு ஆலைக்குப் போகவில்லை. பிறகு புத்தகக் கடையில் நின்றாள், கல்யாணம் செய்துகொண்டாள், பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனாள். நெஞ்சு விசில் கூடவே போனது.

பல வருஷம் கழித்துக் கெப்பாலா பத்தாஸ் சந்தையில் பாக்கியம் அக்காவைப் பார்த்தேன். நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க அக்கா நல்லா இருக்கா? தங்கமான பொண்ணு. வாய்தான்," என்றார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொல்லி, வலுக்கட்டாயமாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார். நல்ல பழம்.

பாக்கியம் அக்கா இருந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தில் பெட்ரோல் நிலையம். காடிகளைச் சுமந்த பழைய ஃபெர்ரிகளை ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள், கிருஷ்ணராஜா காலமாகிவிட்டார், நான் வேலை பார்த்த பத்திரிகையும் இல்லை. ஆலையின் இயந்திரங்களைப் பிரித்துக் கூலி குறைந்த இன்னொரு நாட்டுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். கட்டடம் சில காலம் சும்மா கிடந்து, இப்போது இணையத்தில் வாங்கும் சாமான்களை அடுக்கி வைக்கும் கிடங்காக இருக்கிறது.

அக்கா போன பிறகும் ஆலை பல வருஷம் ஓடியது. தீபாவளித் துணியும் கடைசிவரை கொடுத்தார்கள். துணியை ஜாடியில் தொங்கவிட்டுப் பார்க்க, பரிசோதனைக்கூடத்தில் அவள் இருந்த இடத்துக்கு, ஆலை மூடும்வரை, வேறு யாரையும் எடுக்கவில்லை.